ரோசேசியா: முகத்தில் எதைப் பூசலாம், எதை விடலாம்

வெயிலில் பத்து நிமிடம் நின்றால் கன்னம் தகிக்கிறது. சுடச்சுட ஒரு தே தாரிக் குடித்தால் மூக்கு நுனி வரை அனல் ஏறுகிறது. அடுப்படியில் தாளிக்கும்போது முகமெல்லாம் சுருக்கென்று குத்துகிறது. கூடவே கன்னத்திலும் மூக்கிலும் தாடையிலும் சின்னச் சின்னப் பருக்கள். வயதோ முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பருவுக்குப் போடும் எந்தக் களிம்புக்கும் கேட்பதில்லை, போட்டால் எரிச்சல்தான் கூடுகிறது. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அது ரோசேசியாவாக இருக்கலாம்.

பெயர் நமக்குப் புதிது என்றாலும் நோய் அரிதானதல்ல. 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, உலகில் வயது வந்தவர்களில் 100 பேருக்கு 5 பேர் அளவில் இது இருப்பதாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் தொடங்கும். பெண்களிடம் கூடுதலாகப் பதிவாகிறது. மூக்குத் தோல் தடித்துப் பருத்துப்போகும் கடும் வகை ஆண்களிடம் அதிகம். ஐரோப்பாவில் இதற்குச் 'செல்ட் இனத்தாரின் சாபம்' என்று பட்டப்பெயரே உண்டு. வெள்ளைத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும், அந்த இனத்தாரிடம் இது அதிகம் காணப்பட்டதால் வந்த பெயர் அது. மருத்துவப் பாடநூல்களின் படங்களும் பல தலைமுறைகளாக அந்தச் சிவந்த கன்னங்களையே காட்டி வந்தன.

நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு மறைந்துவிடுகிறது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, சில பேருக்கு முகம் லேசாக இருண்ட மாதிரியோதான் தெரியும். அதனால்தான் நம்மவர்கள் பரு என்றும் ஒவ்வாமை என்றும் உடம்புச் சூடு என்றும் சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, மூக்கு சிவந்து தடித்த ஆணைப் பார்த்தால் குடிகாரர் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் இது வரும். மது சிலருக்கு நோயைக் கிளறும் என்பது உண்மைதான். அதை வைத்து ஒருவரின் நடத்தையை எடைபோடுவது பெரிய அநியாயம்.

சிவப்பு தெரியாத தோலில் வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். முகம் தகிக்கும்போது புறங்கையால் கன்னத்தைத் தொட்டுவிட்டு உடனே கழுத்தின் பக்கவாட்டைத் தொடுங்கள். கன்னம் கூடுதலாகச் சுடும். நல்ல வெளிச்சத்தில், நிறமற்ற ஒரு கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகத்தைக் கன்னத்தில் மெதுவாக அழுத்துங்கள். அழுத்திய இடம் வெளிறி, எடுத்ததும் நிறம் குபுக்கென்று திரும்பினால் அங்கே இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன என்று பொருள். மருத்துவர்கள் இதையே ஒரு சிறு கண்ணாடித் தகட்டை வைத்துச் செய்கிறார்கள். பருவ வயதுப் பருவில் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் இருக்கும். ரோசேசியாவில் அவை இராது. தகிப்பு, எரிச்சல், வறட்சி, பழகிய கிரீமே திடீரென்று எரிவது ஆகியவைதான் இதன் குணம். கண்ணையும் பாருங்கள்: மணல் விழுந்த உறுத்தல், இமை ஓரத்தில் செதில், அடிக்கடி கண்கட்டி என்றால் ரோசேசியா கண்ணுக்கும் போயிருக்கலாம். கண்ணுக்கு வந்ததை வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்கக் கூடாது. கவனிக்காமல் விட்டால் கருவிழி பழுதாகும்.

கன்னத்தில் இதேபோல் சிவக்கும் இன்னொரு நோயும் இருக்கிறது. லூபஸ். இளம் பெண்களிடம் அதிகம் வருவது. கன்னத்துச் சிவப்போடு மூட்டு வலி, வாய்ப்புண், விட்டுவிட்டுக் காய்ச்சல், முடி கொட்டுதல், அளவுக்கு மீறிய களைப்பு என்று இருந்தால் கற்றாழையையும் சந்தனத்தையும் தேடிக்கொண்டிருக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். லூபஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

சரி, ரோசேசியாவில் என்னதான் நடக்கிறது? முகத் தோலின் தற்காப்பு தேவைக்கு மேல் விழிப்பாக இருக்கிறது. கிருமியைத் தடுக்க உடம்பு சுரக்கும் சில புரதங்கள் இங்கே அளவு மீறிச் சுரந்து, தோலையே வீங்கவும் சிவக்கவும் வைக்கின்றன. எல்லார் முகத்திலும் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி, சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ளது, இவர்களின் தோலில் கூடுதலாக இருக்கிறது. அதற்காக ரோசேசியாவை அழுக்கு என்று நினைக்க வேண்டாம், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவும் ஒட்டாது.

மூன்றாவதாக நரம்பு. நம் ஊர்க்காரர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. தோல் நரம்பின் நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி வெப்பம் பட்டால் அது திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பட்டாலும் அதே புரதம் திறந்து அதே செய்தியைத்தான் அனுப்புகிறது. அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் இதைக் கண்டறிந்தது. 2021-இல் அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ரோசேசியா உள்ள தோலில் இந்தப் புரதம் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அடுப்பு அனலும் சம்பல் காரமும் ஒரே மாதிரி முகத்தைத் தாக்குவது ஏன் என்று இப்போது விளங்கும். உடம்புச் சூடு என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சூடு இந்த நோயைக் கிளறுகிறது. ஆனால் இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டுவிட்டு உச்சிவெயிலில் நடந்தால் பலன் இல்லை, ஏனென்றால் பாதிக்கும் சூடு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது.

நாம் வாழும் மலேசியாவின் ஷா ஆலம் பூமத்தியரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது. புற ஊதாக் கதிர் ஆண்டு முழுக்கக் கடுமை. மேகம் மூடிய நாளிலும் அது முழுதாக மறைந்துவிடுவதில்லை. ஆகவே இங்கே ரோசேசியாவுக்கு முதல் இயற்கை மருத்துவம் நிழல்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதற்கு அடுத்துத்தான் பூச்சும் களிம்பும். தாசிக் ஷா ஆலத்தைச் சுற்றி நடப்பவர்கள் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடலாம், அல்லது மாலை ஏழுக்குப் பிறகு வரலாம். ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் கிள்ளானுக்குப் போய்வருபவர்கள் வெயில் மறைக்கும் முகக்கண்ணாடி வைத்த ஹெல்மெட் வாங்கட்டும். வெயிலில் நின்ற காருக்குள் உடனே ஏறாமல் கதவுகளைத் திறந்து அனல் போக விடுங்கள். ஏறியபின் ஏர்கோன் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் திருப்பிவிடுங்கள். அனலிலிருந்து சட்டென்று குளிருக்கு மாறுவதும் சிலருக்கு ஆகாது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கும் நேர்த்திக்கடன் இருந்தால் விடியுமுன் எடுத்து முடித்துவிடுவது நல்லது.

சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டையாக்சைடோ உள்ளதாகப் பாருங்கள். இந்த இரண்டு தாதுக்களும்தான் எரிச்சல்படும் தோலுக்கு அதிகம் ஒத்துப்போகின்றன. நம் நிறத்தில் அவை வெள்ளைப் படலமாகத் தெரிவதால்தான் பலர் கைவிடுகிறார்கள். இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்துக்குச் சாயம் சேர்த்தவை கிடைக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அடுப்படியில் வேலை செய்பவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளின் சமையலறையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களிடம் சூட்டைத் தவிர்க்கச் சொல்வது எளிது, செய்வது கடினம். அவர்களால் ஆகக்கூடியது: புகைபோக்கி விசிறியைத் தாளிப்பதற்கு முன்பே போட்டுவிடுவது, மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பக்கத்தில் வைத்து அவ்வப்போது கழுத்திலும் கன்னத்திலும் ஒற்றுவது. ஐஸ் கட்டியை நேரே முகத்தில் தேய்க்க வேண்டாம். சின்னத் துண்டாக வாயில் போட்டுக்கொண்டால் முகத்தின் தகிப்பு கொஞ்சம் அடங்கும்.

காப்பி, தேநீரை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். 1981-இல் அமெரிக்க மருத்துவர் ஜோனதன் வில்கின் சோதித்துப் பார்த்தார். சூடான காப்பி முகத்தைத் தகிக்க வைத்தது. வெறும் வெந்நீரும் அப்படியே செய்தது. ஆறிய காப்பி செய்யவில்லை. காரணம் சூடு, காப்பிக்கொட்டை அல்ல. 2018-இல் அமெரிக்கச் செவிலியர் 82,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு நாளைக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடித்தவர்களுக்கு ரோசேசியா வரும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைவாகக்கூட இருந்தது. ஆகவே மாமாக் கடையில் உட்கார்ந்து தாராளமாகக் குடியுங்கள், ஆற்றிக் குடியுங்கள். காரமும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. சிலருக்கு நாசி லெமாக் சம்பல், சிலருக்கு இலவங்கப்பட்டை, சிலருக்குத் தக்காளி. என்ன சாப்பிட்டோம், எங்கே நின்றோம், எப்போது தகித்தது என்று இரண்டு மூன்று வாரம் குறித்து வந்தால் உங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கிச் சாப்பாட்டையே தண்டனையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இனிப் பூச்சுகள். முதலில் விட வேண்டியவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அவற்றை நிறுத்தியதுமே முகம் பாதி அடங்கிவிடும்.

ஆவி பிடிப்பதை நிறுத்துங்கள். சளிக்கு நல்லதாக இருக்கலாம். 'துவாரம் திறக்கட்டும்' என்று முகத்துக்குப் பிடிக்கும் ஆவி ரோசேசியாவுக்கு நேர் எதிரி. அழகு நிலையத்து ஸ்டீமும் பிளீச்சும் ஸ்க்ரப்பும் அப்படியே. எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதன் புளிப்பு தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல நூறு மடங்கு கடுமை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் வந்து, பின்பு மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். ஆப்பிள் சிடர் வினிகரும் தோலைப் பொசுக்கும். கோடாலித் தைலம், யூகலிப்டஸ், கற்பூரம், மென்தால் எல்லாம் குளிர்ச்சிபோலத் தோன்றினாலும் நரம்பைச் சீண்டுபவை. டீ ட்ரீ எண்ணெய் டெமோடெக்ஸ் உண்ணியைக் கொல்லும் என்பது சரி. நீர்க்காமல் முகத்தில் தடவினால் ரோசேசியாவோடு ஒவ்வாமையும் சேர்ந்துகொள்ளும்.

மஞ்சள் பற்றிச் சொன்னால் வருத்தப்படுவார்கள். மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு வீக்கம் தணிக்கும் குணம் ஆய்வகத்தில் தெரிகிறது. ஆனால் மஞ்சள் பூச்சு ரோசேசியாவைத் தணிக்கும் என்று நிறுவப்படவில்லை. தோல் ஒவ்வாமை தருவது பதிவாகியிருக்கிறது. கடலை மாவையும் கஸ்தூரி மஞ்சளையும் குழைத்துப் பூசிக் காயவைத்துத் தேய்த்து எடுக்கும்போது அந்தத் தேய்ப்பே கெடுதல் செய்கிறது. குழம்பில் மஞ்சள் இருக்கட்டும், முகத்துக்கு வேண்டாம். நல்ல சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொள்வது பலருக்கு ஒத்துக்கொள்கிறது. வாசனைத் திரவியம் கலந்த சந்தனப் பொடியைக் கன்னத்தில் பூசுவது வேறு கதை.

உதவக்கூடியவை கொஞ்சம்தான். என் வரிசையில் ஓட்ஸ் முதலில் வரும். அதில் உள்ள அவெனாந்திரமைடுகள் அரிப்பையும் எரிச்சலையும் தணிப்பவை. மிக நுண்ணியதாக அரைத்த ஓட்ஸைத் தோல் காப்புப் பொருளாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் ஏற்றது. சர்க்கரையோ சுவையோ சேர்க்காத ஓட்ஸை மிக்ஸியில் மாவாகத் திரித்து, ஒரு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடித்தால் பால் போன்ற நீர் வரும். அதில் துணியை நனைத்துப் பத்து நிமிடம் முகத்தில் போட்டுவிட்டு, தேய்க்காமல் குளிர்ந்த நீரில் அலசுங்கள். மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

சோற்றுக் கற்றாழையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மடலை வெட்டியதும் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுதான் எரிச்சல் தருவது. மடலைச் செங்குத்தாக நிறுத்தி அது வடிந்த பிறகு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை இரண்டு மூன்று முறை கழுவி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பாசார் மாலாமில் கிடைக்கும் பச்சை நிற ஜெல்லில் பெரும்பாலும் சாயமும் வாசனையும் சேர்ந்திருக்கும். கிரீன் டீயை நன்றாக ஆறவைத்துத் துணியில் நனைத்து ஒற்றினால் இதமாக இருக்கும். ஆய்வில் சோதித்தவை அதன் சாறு கலந்த கிரீம்கள், அதனால் வெறும் தேநீரிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதிமதுரமும் அப்படித்தான். ஒருவகை அதிமதுரத்தின் லிக்கோகால்கோன் சேர்த்த கிரீம்கள் சிவப்பைக் குறைத்ததுண்டு. நாட்டு மருந்துக் கடைப் பொடியைக் குழைத்துப் பூசுவது அதற்கு ஈடாகாது. அதையே கஷாயமாகத் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

எதுவானாலும் முதலில் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் மூன்று நாள் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். முகம் கழுவச் சோப்புக் கட்டி வேண்டாம், மணமில்லாத மென்மையான கழுவி போதும். துண்டால் துடைக்காமல் ஒற்றி, ஈரம் காயுமுன் மணமில்லாத ஈரப்பதக் கிரீமைத் தடவுங்கள். வறண்டு வெடித்த மண் தரையில் விழும் எதுவும் நேரே உள்ளே இறங்கிவிடுவதுபோல, மேற்படலம் கெட்ட தோலில் எல்லாமே எரியும். படலம் தேறிய பிறகு எரிச்சல் தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள்.

இயற்கையானது மட்டுமே வேண்டும் என்று மருந்துக் கடையையே ஒதுக்குபவர்களுக்கு இரண்டு செய்திகள். ரோசேசியாவுக்கு மருத்துவர்கள் எழுதும் அசெலைக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் இயல்பாக இருக்கும் பொருள். பருவையும் அடக்கி, அது விட்டுச்செல்லும் கறுப்புத் தழும்பையும் மங்கச் செய்வதால் நம் நிறத்துக்கு அது இரட்டை நன்மை. இன்னொரு மருந்தான ஐவர்மெக்டின், ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து பிறந்தது. அந்த வேலைக்காக அவரும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். தோலுக்கு அது 1 விழுக்காட்டுக் கிரீமாக வருகிறது. கால்நடைக்கு விற்பதை வாங்கிப் பூசிவிடாதீர்கள். மெட்ரோனிடசோல் ஜெல், குறைந்த அளவு டாக்சிசைக்ளின் மாத்திரை, நிலைத்துப்போன இரத்தக் குழாய்களுக்கு லேசர் என்று வேறு வழிகளும் உள்ளன. கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் ஆகாது, கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, 'இயற்கை' என்று எழுதி விற்கப்படும் முகக் கிரீம் டப்பாக்கள். மூன்றே நாளில் முகம் வழவழப்பாகும், பரு அமுங்கும், நிறமும் வெளுக்கும். உள்ளே இருப்பது பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். சில வாரம் பூசி நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகப் பற்றியெரியும். மறுபடி பூசினால் அடங்கும். இப்படியே தோல் மெலிந்து, ரோசேசியா இல்லாதவருக்கும் ரோசேசியா போன்ற நோய் வந்துவிடும். மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ, பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பீட்டாமெதசோன் கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அழகுப் பொருளானால் 'என்ஓடி' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தானால் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணை என்பிஆர்ஏ இணையதளத்தில் போட்டு, பெயர் பொருந்துகிறதா பாருங்கள். அழகுப் பொருளின் எண் என்பது தயாரித்தவர் பதிந்த அறிவிப்புத்தான், அரசாங்கம் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல. ஏற்கெனவே இப்படி ஒன்றைப் பல மாதம் பூசி வந்தவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு விடுவது நல்லது.

சித்த மருத்துவரிடம் போவதானாலும் விசாரித்துப் போங்கள். 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் உள்ளடக்கியது. அதன்கீழ் பதிந்தவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ வாங்கும் உள்மருந்தில் இரசமோ ஈயமோ கலந்த செந்தூரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்க ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று பயப்பட வேண்டாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு தோல் மருத்துவரிடம் போகலாம். ஒரே தொல்லை, குளிரூட்டிய அறையில் காத்திருந்து டாக்டர் முன் உட்காரும்போது முகம் அடங்கியிருக்கும். ஆகவே தகிக்கும் நேரத்திலேயே ஜன்னலோர வெளிச்சத்தில், முகத்தைச் சரிசெய்யும் ஃபில்டர் எதுவும் இல்லாமல், நேரேயும் இரு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கறுத்த தோலில் அடர்நீலத் துணியைப் பின்னால் பிடித்து எடுத்தால் சிவப்பு கொஞ்சம் தெளிவாக விழும். முகத்தில் பூசிய எல்லா டப்பாவையும் எண்ணெய்ப் புட்டியையும், வைத்தியர் கொடுத்தது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரையாலும் முகம் தகிக்கும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. தமிழில் சொன்னால் டாக்டருக்குப் புரியாதே என்று தயங்கும் அம்மாக்கள், 'முக்கா பானாஸ், பெடிஹ்' (முகம் சூடு, எரிச்சல்) என்று மலாயில் சொல்லிவிட்டு அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.